வேலை உதவி நிலையம், ஏ9 பக்கம்: போமுக்கு ஒரு ஸ்டார், கவுன்ரர் பிள்ளைக்கு நாலரை

மொத்தமா அஞ்சுக்கு ரெண்டரை. முதல்லயே சொல்லிப் போடுறன், ஏனெண்டால் எங்கட பக்கத்துச் சனத்துக்கு பஸ் காசு செலவழிச்சு, அண்டைய கூலியையும் விட்டிட்டுப் போறதோ இல்லையோ எண்டதுதான் கேள்வி. போங்கோ. ஆனா அங்க எதை எதிர்பாக்கிறது, எதை எதிர்பாத்தால் ஏமாறுவியள், அந்தப் போமை எப்பிடி நிரப்புறது எண்டதை வாசிச்சிட்டுப் போங்கோ, கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப் போறன், ரீ ஒண்டு ஊத்திக்கொண்டு வாங்கோ.

இது வேலை தேடுற ஆக்களைப் பதிஞ்சு, எந்த வேலைக்குச் சரிவருவினம் எண்டு பாத்து, கொம்பனியளோட தொடுத்து விடுற ஒரு அரசாங்க சேவை. ஆரும் போகலாம், ஆனா முன்னாள் போராளியள், மாற்றுத்திறனாளியள், குடும்பத்தைத் தனியக் கொண்டிழுக்கிற பொம்பிளையள், படையில இருந்து விலகி வந்த ஆக்கள் எண்டு தனித்தனியாப் பதியினம். எந்த ஒபிஸ் எண்டு பேர் போடேல்ல, அங்க வேலை செய்யிற பிள்ளைக்குத் தலையிடி வரக்கூடாது.

போனது எனக்காக இல்லை, அத்தானுக்கு, அக்காட மனுசன். வயசு அம்பதைத் தொடப்போகுது. இயக்கத்தில இருந்தவர், 2009 மே மாசம் எல்லாரோடயும் வெளியில வந்து சரணடைஞ்சு, புனர்வாழ்வு முடிச்சு வீட்டுக்கு வந்தவர். அப்பிடிப் புனர்வாழ்வுக்குப் போய் வந்த ஆக்கள் அரசாங்கக் கணக்கிலயே 12,000 பேர் அளவில வரும், அதால இந்த விமர்சனம் கனபேருக்கு உதவும் எண்டு நினைக்கிறன். அத்தான் இப்ப ஒரு வெல்டிங் கடையில நாள் சம்பளத்துக்கு நிக்கிறார், நிக்கிறார் எண்டு சொன்னாலும் கனநேரம் நிக்க ஏலாது, காலுக்குள்ள செல் பீஸ் ஒண்டு இன்னும் கிடக்கு. மனுசனுக்குத் தெரியாத எஞ்சின் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னிக்குள்ள பெற்றோல் எண்டால் மருந்துக்கும் இல்லாத நேரம், மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓடினது ஞாபகம் இருக்குத்தானே, ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல், பேந்து மண்ணெண்ணை, அதுக்கெண்டு காபறேற்றரைப் பிரிச்சு மேய்ஞ்ச ஆக்களில இவரும் ஒராள். ஜெனரேற்றர், தண்ணி பம்ப், லான்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின், மோட்டர் வைண்டிங் எல்லாம் தெரியும். ஒரு சேட்டிபிக்கட்டும் இல்லை.

இடத்தைப் பற்றி. காலமை எட்டரைக்குத் திறக்கும், ஒன்பதுக்கு முதல் ஒரு அலுவலும் நடவாது. நம்பர் துண்டு குடுக்கினம், அது நல்லம், முட்டுப்பட்டு நிக்கத் தேவையில்லை. வாங்கில் இருக்கு, பேன் ஓடுது, குடிக்கத் தண்ணி வைச்சிருக்கினம். ரொய்லெற் பூட்டிக் கிடக்கு, திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டால் ஆளையாள் பாக்கினம். வாசலில படி, ராம்ப் இல்லை. மாற்றுத்திறனாளியளைப் பதியிறதுக்கெண்டு தனி மேசையும் தனி போர்டும் வைச்சிருக்கிற இடத்தில அந்த மேசைக்குப் போறதுக்கு ராம்ப் இல்லை எண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது. வீல்செயாரில வந்த ஒராளைக் காவலுக்கு நிண்டவரும் அத்தானும் சேந்துதான் தூக்கி உள்ளுக்கு விட்டவை, கால் ஏலாத மனுசன் தூக்கிறார், பாத்துக்கொண்டிருக்க எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துது, நானும் போய்ப் பிடிச்சன்.

இனிப் போம். இதுதான் விசயம்.

நாலு பக்கம். முதல் பக்கம் பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், ஜீ.எஸ் (கிராம சேவகர்) பிரிவு, அட்ரஸ், போன், சரி, கேக்கத்தானே வேணும். ரெண்டாம் பக்கம் குடும்பம், மனிசி பிள்ளையள் மட்டுமில்லை, கூடப் பிறந்த ஆக்கள் ஆர் ஆர், எங்க இருக்கினம், என்ன செய்யினம், வெளிநாட்டில ஆரும் இருக்கினமோ, இருந்தால் எந்த நாடு. ஒரு மெக்கானிக் வேலைக்கு கனடாவில இருக்கிற தமையன் எதுக்கு எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. மூண்டாம் பக்கம் முழுக்கப் பழைய கதை. எப்ப சேந்தது, என்ன பிரிவு, எங்க சரணடைஞ்சது, எந்தப் புனர்வாழ்வு நிலையம், எப்ப விட்டது, அந்தச் சேட்டிபிக்கட்டின்ர நம்பர் என்ன. நாலாம் பக்கத்தில காணி இருக்கோ, மாடு இருக்கோ, பாங்க் புத்தகம் இருக்கோ, அஸ்வெசும நிவாரணக் காசு வருதோ எண்டு பெட்டி பெட்டியாக் கேட்டு முடிச்சு, அதுக்குக் கீழ, தெரிந்த தொழில் எண்டு அரை வரி.

அரை வரி! வேலை எடுத்துத் தாற போமில தொழிலுக்கு அரை வரி.

அத்தான் பேனையை வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தார். "உதுக்குள்ள என்னத்தையடா எழுதுறது?" மெக்கானிக் எண்டு போடுங்கோ அத்தான் எண்டன். போட்டார். அதோட இடம் முடிஞ்சுது.

ஆனா மூண்டாம் பக்கத்தை அவர் நிரப்பின வேகத்தைப் பாக்கவேணும், ஒரு இடத்திலயும் நிண்டு யோசிக்கேல்லை, திகதி, இடம், நம்பர் எல்லாம் மளமளவெண்டு வருது. அவ்வளவு தரம் எழுதியாச்சு. தடுப்பில இருக்கேக்கயே ஐஓஎம் எண்ட சர்வதேச புலம்பெயர்வு அமைப்புக்காரர் வந்து என்ன படிச்சனீங்கள், என்ன தொழில் தெரியும், வெளியில போய் என்ன செய்ய விருப்பம் எண்டு ஒராளொராளாக் கேட்டு எழுதினவை, பேந்து வெளியில வந்த ஆக்களுக்கெண்டு தகவல் சொல்லி, ஆலோசனை குடுத்து, உதவி உள்ள இடத்துக்கு அனுப்பிற திட்டமும் நடத்தினவை, அது பரவாயில்லாமல் நடந்த ஒண்டு, கேட்டதுக்கு ஏத்த மாதிரி ஏதோ ஒண்டு கையில கிடைச்ச ஆக்கள் இருக்கினம். சிவில் பாதுகாப்புத் திணைக்களம், சனம் சொல்லுற சிஎஸ்டி, பண்ணையளுக்கும் நேர்சறியளுக்கும் ஆள் எடுத்தது, மாசச் சம்பளம், வன்னியில கன குடும்பம் அதிலதான் நிமிந்தது, சனம் அதைப் பற்றி ரெண்டு விதமாக் கதைச்சாலும் அடுப்பு எரிஞ்சது உண்மை. அங்கயும் போம். பிறகு ஜீ.எஸ்ஸிட்ட ஒரு பதிவு, என்ஜீஓ மாறி மாறி ஒவ்வொரு பதிவு, இதுக்குள்ள மோட்டச்சைக்கிளில வந்து வாசலில நிண்டு அதே கேள்வியளைக் கேட்டு சின்னக் கொப்பியில எழுதிக்கொண்டு போற ஆக்கள் வேற. ஒரு இடத்தில குடுத்த தகவல் மற்ற இடத்துக்குப் போய்ச் சேருறதில்லை, இல்லாட்டி போகக்கூடாத இடத்துக்கு மட்டும் போய்ச் சேருது போல. உண்மையாச் சொல்லுறதெண்டால் அத்தான் வாழ்க்கையில எழுதின எல்லாத்தையும் சேத்துக் கட்டினால் ஒரு கட்டுப் பேப்பர் வரும், அதில அவர் செய்யிற வேலையைப் பற்றி ஒரு பக்கம் தேறாது.

இதை இவ்வளவு ஊண்டிப் பாத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மாமாட மகன், அமெரிக்காவில பிறந்து வளந்தவன், அங்கத்த ஆமியில சேந்து இப்ப விலகுறான். அத்தானுக்குப் போம் நிரப்பின கதையை வாட்சப்பில சொல்ல, மச்சான் எனக்கும் உதே அலுவல்தான் நடக்குது எண்டு தன்ர புத்தகங்களை அனுப்பினான், போமுகளைப் படம் எடுத்தும் அனுப்பினான். எனக்கு கொமினிகேஷன் கடையில பின்னேரம் வேலை குறைவு, இருந்து வடிவா வாசிச்சன்.

அங்க டாப் எண்டு ஒரு திட்டம், படையில இருந்து சிவில் வாழ்க்கைக்கு மாறுறவைக்கு உதவி செய்யிறது, 1990 இல போட்ட சட்டத்தில தொடங்கினது, 2011 இல வந்த சட்டத்தோட கிட்டத்தட்ட எல்லாருக்கும் கட்டாயமாப் போச்சு. பேந்து 2019 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தில அதைத் திருத்தி, விலகிற நாளுக்கு 365 நாள் முதலே தொடங்கவேணும் எண்டு வைச்சினம். வருசம் ஒண்டுக்கு 2 லட்சம் பேர் அளவில அங்க படையளை விட்டு வெளியில வருகினம், அவ்வளவு பேருக்கும் தொழில் திணைக்களம் ஒரு நாள் வகுப்பு கட்டாயம் எடுக்கும், பேந்து விரும்பினால் ரெண்டு நாள் வகுப்பு, ஒண்டு வேலை தேடுறது எப்பிடி, இன்னொண்டு கைத்தொழிலும் அதுக்குரிய சேட்டிபிக்கட்டுகளும். 2021 இல இருந்து சில முகாமுகளில தனித்தனியா இருத்திக் கதைச்சு வழிகாட்டுற ஆக்களையும் போட்டு ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கியிருக்கினம்.

ஆனா எனக்குக் கண்ணில பட்டது அதில்லை, போமின்ர மூலையில கிடந்த சின்ன எழுத்து. ஒரு நம்பர், அது காலாவதியாகிற திகதி, பேந்து இதை நிரப்ப சராசரியா இவ்வளவு நிமிசம் எடுக்கும் எண்டு ஒரு வசனம். இதென்னடா எண்டு கேட்டதுக்கு அவனுக்கே தெரியேல்லை, நான்தான் தேடிப் பிடிச்சன். அங்க பேப்பர் வேலையைக் குறைக்கிற சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 1980 இல வந்தது, 1995 இல திருத்தினது. அரசாங்கத்தின்ர ஒரு திணைக்களம் 10 பேருக்கோ அதுக்குக் கூடவோ ஒரே கேள்வியளைக் கேக்கிறதெண்டால் சும்மா போம் அடிச்சுக் குடுக்கேலாது. இந்தக் கேள்வியள் எங்கட வேலைக்குத் தேவையோ, நிரப்ப எடுக்கும் எண்டு நாங்கள் போட்ட நேரக் கணக்குச் சரியோ, சனத்துக்கு உள்ள சுமையைக் குறைக்கிற வழி இருக்கோ எண்டு முதல் 60 நாள் ஊருக்கே அறிவிச்சுக் கேக்கவேணும். பேந்து ஜனாதிபதியின்ர கீழ உள்ள வரவுசெலவு அலுவலகத்துக்கு அனுப்பி இன்னொரு 30 நாள். அனுமதி கிடைச்சால் அந்த நம்பர், கூடினது 3 வருசத்துக்கு. முடிஞ்சால் திருப்பியும் முதல்ல இருந்து. அந்த நம்பர் இல்லாத போமை நிரப்பேல்லை எண்டு ஒருத்தருக்கும் தண்டனை குடுக்கேலாது. படை விட்டு வாற ஆக்களுக்கு வேலை உதவி செய்யிற திட்டம் சரியா நடக்குதோ எண்டு பாக்க தகவல் சேக்கிறதெண்டாலும் உந்த வழியாலதான் போகவேணும்.

இன்னொண்டு, அங்க திருப்பிப் போய்க் கேக்கினம். 2014 இல வந்த ஒரு சட்டத்தின்ர கீழ, அரசாங்க வேலை உதவி நிலையங்களில உதவி எடுத்திட்டுப் போன ஆக்கள் அதுக்குப் பிறகு வாற ரெண்டாவது காலாண்டில வேலையில இருக்கினமோ, நாலாவது காலாண்டில இருக்கினமோ, வரிசையில நடுவில வாற ஆளின்ர சம்பளம் எவ்வளவு எண்டு கணக்குக் காட்டவேணும், அதைச் சம்பளப் பதிவுகளில இருந்தே எடுக்கலாம், ஆளை அலைக்கழிக்கத் தேவையில்லை. டாப் முடிச்சு வெளியில வந்த ஆக்களிட்ட 6 மாசம், 1 வருசம், 3 வருசம் கழிச்சு எப்பிடி இருக்கிறியள் எண்டு கேக்கிற தனிச் சேர்வேயும் இருக்கு.

உடன அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்கிறான் எண்டு சொல்லாதையுங்கோ. மச்சானைக் கேட்டால் அந்த ஒரு நாள் வகுப்பு முழுக்க ஸ்லைட்டுக்கு மேல ஸ்லைட், மத்தியானத்துக்குப் பிறகு பாதிப் பேர் நித்திரை எண்டுதான் சொல்லுறான். மேலதிகாரியள் வேலை கிடக்கு எண்டு வகுப்புக்கு விடமாட்டினமாம். அங்கத்த கணக்காய்வு அலுவலகமே, கனபேர் அந்த ஒரு வருசக் கெடுவுக்கு முதல் தொடங்கேல்லை எண்டு எழுதி வைச்சிருக்கு. வகுப்பில எத்தனை பேர் இருந்தவை எண்டு எண்ணுறது லேசு, அதால அதைத்தான் முதல் எண்ணுவினம், எந்த நாட்டிலயும் உப்பிடித்தான்.

அவனையும் அத்தானையும் ஒரு தராசில வைக்கேலாது எண்டும் தெரியும். அவன் சம்பளம் வாங்கின அரசாங்கப் படை, இவர் தோத்த பக்கம். அவன் வெளியில வரேக்க குடுக்கிற டிடி 214 எண்ட பேப்பரைக் காட்டினால் அரச வேலையில முன்னுரிமை, படிக்கக் காசு, கொம்பனிக்காரன் கை குடுப்பான். அரசாங்கத்தோட பெரிய கொந்தறாத்து எடுக்கிற கொம்பனியள் எத்தனை முன்னாள் படை ஆக்களை வேலைக்கு எடுத்தனாங்கள் எண்டு வருசா வருசம் கணக்குக் குடுக்கவும் வேணும். அத்தான்ர புனர்வாழ்வுச் சேட்டிபிக்கட் அலுமாரியில உடுப்புக்குக் கீழ கிடக்கு, கொம்பனியில காட்டினால் பாப்பம் தம்பி, கோல் பண்ணுறம் எண்டு சொல்லுவினம். இதெல்லாம் சரி. ஆனா போமில நிமிசக் கணக்கு எழுதுறதுக்கு டொலர் தேவையில்லை. ஏன் கேக்கிறம் எண்டு ஒரு வசனம் போடுறதுக்கும் தேவையில்லை.

சரி திருப்பி எங்கட கவுன்ரருக்கு வாறன், ஏனெண்டால் நாலரை ஸ்டார் அங்கதான்.

அந்தப் பிள்ளைக்கு முப்பது வயசும் வராது. போமை வாங்கி ரெண்டு மூண்டு தரம் பிரட்டினா. "அண்ணை, மெக்கானிக் எண்டால் என்ன மெக்கானிக்?"

"எல்லாம்தான் பிள்ளை."

"எல்லாம் எண்டு போட்டால் ஒண்டும் வராது அண்ணை. ஒண்டொண்டாச் சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லிப்போட்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பி அதின்ர வெறும் பின்பக்கத்தில தானே எழுதத் தொடங்கினா. என்ன பம்ப், எத்தினை இஞ்சி, டீசலோ மண்ணெண்ணையோ கரண்டோ, ஜெனரேற்றர் எவ்வளவு பெரிசு மட்டும் செய்வீங்கள், லான்ட்மாஸ்ரர் கியர்பொக்ஸ் கழட்டுவீங்களோ, வைண்டிங் கையால சுத்துறதோ மெசினோ, வெல்டிங்கில காஸ் தெரியுமோ. எவ்வளவு நேரம் நிக்க ஏலும் எண்டும் கேட்டா, காலைப் பற்றி அத்தான் வாயே திறக்கேல்லை, வாசலில தூக்கேக்க பாத்திருக்கிறா போல. லைசன் இருக்கோ. சிங்களம் கதைப்பீங்களோ எண்டு கேக்க ஓம் எண்டார், நல்லாக் கதைப்பீங்களோ, எங்க அண்ணை படிச்சனீங்கள் எண்டு அவ ஒரு யோசினையும் இல்லாமல் கேட்டிட்டா. அத்தான் சிரிச்சுக்கொண்டு "அவைதான் படிப்பிச்சவை பிள்ளை, சும்மா இருந்த நேரம்" எண்டார். அவவும் சிரிச்சிட்டா, பேந்துதான் விளங்கி முகம் மாறினது. அந்தப் பின்பக்கத்தில எழுதினதை நான் வாசிச்சுப் பாத்தன், அதுதான் உண்மையில ஒரு ஆளைப் பற்றின தகவல், ஒரு முதலாளி வாசிச்சால் கூப்பிடுவான்.

மிச்சம் முக்கியம், வடிவா வாசியுங்கோ. சேட்டிபிக்கட் இல்லாமல் வருசக் கணக்காத் தொழில் செய்த ஆக்கள் வகுப்புக்குப் போகாமலே முன் அனுபவத்தை வைச்சு என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சேட்டிபிக்கட் எடுக்கலாம் எண்டு அவதான் சொன்னா. என்விகியூ 1 தொடக்கம் 7 மட்டும் இருக்கு, கைத்தொழிலுக்கு 3, 4 கையில இருந்தாலே கொம்பனியும் மதிக்கும், வெளிநாட்டுக்குப் போறதெண்டாலும் கேப்பினம். நைட்டா எண்ட அரசாங்கத் தொழில் பயிற்சி அதிகாரசபை போல இடங்களில விண்ணப்பிக்கலாம். செய்த வேலையளின்ர படம், வேலை செய்வித்த ஆக்களின்ர கடிதம் எல்லாம் சேத்து ஒரு பைல் கட்டவேணும், பேந்து சோதிக்கிறவர் முன்னால வேலையைச் செய்து காட்டவேணும். பெடியளுக்கெண்டால் கிளிநொச்சி அறிவியல்நகரில 2016 இல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, அங்க போகலாம், அம்பது வயசு மனுசனைப் பெடியளோட வகுப்பில இருத்தேலாது, இவருக்கு உதுதான் வழி. ஒருத்தரும் உதை முந்திச் சொல்லேல்லை. அவ்வளவு போம் நிரப்பி ஒருத்தரும்.

இந்தத் தகவல் எல்லாம் ஆர் ஆரிட்டப் போகும் பிள்ளை எண்டு அத்தான் கேட்டார். அவ பொய் சொல்லேல்லை, அது என்ர கையில இல்லை அண்ணை எண்டா. நேர்மைக்குப் புள்ளி குடுக்கிறன், ஆனா பதில் இல்லைத்தானே. 2022 இல 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு பாராளுமன்றத்தில பாஸ் பண்ணினது, என்ன நோக்கத்துக்கு எடுக்கிறம் எண்டு தெளிவா இருக்கவேணும், அந்த நோக்கத்துக்கு மிஞ்சி எடுக்கக்கூடாது எண்டுதான் அதில கிடக்கு. கனடாத் தமையன்ர கேள்வி அதோட எப்பிடிப் பொருந்தும்?

வாங்கிலில இருக்கேக்க பக்கத்தில ஒரு சிங்கள அண்ணை, வவுனியா தெற்குப் பக்கம், ஆமியில காலம் முடிச்சு விலகினவர். அரசாங்கம் 2023 ஜனவரியில அறிவிச்சதுதானே, 2 லட்சத்துக்குக் கிட்ட இருந்த ஆமியை 2024 இல 1,35,000 ஆக்கி, 2030 இல 1,00,000 ஆக்கிறதெண்டு, அப்ப இப்பிடியான ஆக்கள் இனிக் கூடத்தான் வருவினம். ரெண்டு பேரும் முதல் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பேந்து அவர் தன்ர லான்ட்மாஸ்ரரில புகை கறுப்பா வருது எண்டு ஆருக்கோ போனில சொல்ல, அத்தானுக்கு இருப்புக் கொள்ளேல்லை, இன்ஜெக்டரைப் பாருங்கோ எண்டு சிங்களத்தில சொல்லப் போய், நம்பர் கூப்பிடுற மட்டும் எஞ்சின் கதைதான். போன் நம்பரும் மாத்திக்கொண்டினம்.

இனி ரிசல்ட். கொஞ்ச நாளால அத்தானுக்குக் கோல் வந்துது. கொழும்பில செக்கியூரிட்டி வேலை, 12 மணித்தியாலம், நிண்டு பாக்கிற வேலை. கால் ஏலாது எண்டு எழுதி வைச்ச மனுசனுக்கு! நான் அந்தப் பிள்ளைக்கு எடுத்துக் கேட்டன். பாவம், அவவுக்கே வெக்கமாப் போச்சு. கொம்பியூட்டரில ஏத்துறது வேற ஆக்களாம், முன்பக்கத்தில உள்ளதை மட்டும்தான் ஏத்தினவையாம், பின்பக்கத்துக்கு அதில இடமே இல்லையாம். தொழில் எண்ட இடத்தில தெரிவு செய்யிற லிஸ்ரில பம்பும் இல்லை, வைண்டிங்கும் இல்லை, ஏனையவை எண்டு போட்டிருக்கு, ஆனா முன்னாள் எண்ட பெட்டியில மட்டும் வடிவாச் சரி போட்டிருக்கு. கொம்பனிக்காரன் லிஸ்ற் கேட்டால் அந்தப் பெட்டியை வைச்சுத்தான் ஆளைப் பொறுக்கிறது. சண்டை பிடிச்ச ஆள், அப்ப செக்கியூரிட்டி. சிங்கள அண்ணைக்கும் உதே கொம்பனியில இருந்து உதே கோல் வந்ததாம், அத்தானுக்கு எடுத்துச் சொல்லிச் சிரிச்சவர். அந்த ஒரு விசயத்தில ரெண்டு பக்கத்தையும் சமமா நடத்தியிருக்கினம்.

எனக்கு விசர் வந்து ஆர்டிஐ, தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒண்டு போட்டன், 2016 இன்ர 12ஆம் இலக்கச் சட்டம், நாட்டுப் பிரசை ஆரும் போடலாம், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். எத்தனை பேர் பதிஞ்சவை, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, ஆறு மாசத்தால அவை அதே வேலையில இருந்தவையோ எண்டு கேட்டன். முதல் கேள்விக்கு பிரிவு பிரிவா, ஆம்பிளை பொம்பிளை வேற வேறயா, வயசு வாரியா அட்டவணை போட்டு வடிவாப் பதில் வந்துது. ரெண்டாம் கேள்விக்கு எத்தனை பேரைக் கொம்பனியளுக்கு அனுப்பினம் எண்டு ஒரு எண்ணிக்கை, அனுப்பினது எண்டால் கோல் எடுத்துச் சொன்னது, அவ்வளவும்தான். மூண்டாம் கேள்விக்கு அப்பிடி ஒரு தகவல் வைச்சிருக்கிறதில்லை எண்டு ஒரு வரி. அத்தான் செக்கியூரிட்டிக்குப் போகவே இல்லை, ஆனா அந்த ரெண்டாம் எண்ணிக்கைக்குள்ள அவரும் ஒராளா இருப்பார், நிச்சயமா.

அதால ஒரு ஸ்டாரைப் போமுக்குப் போட்டது கூட, அதின்ர கடைசிப் பின்பக்கத்தை வெறுமையா விட்டதுக்குத்தான். என்னட்டக் கேட்டால் மூண்டாம் பக்கத்தைத் தூக்கிப்போட்டு அந்தப் பக்கம் முழுக்கத் தொழிலை எழுத விடவேணும், அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியளையே அச்சடிச்சால் காணும், ஒரு நிபுணரும் தேவையில்லை. ஆறு மாசத்தால ஒரு கோல் எடுத்து வேலையில நிக்கிறீங்களோ எண்டு கேக்கவேணும். செக்கியூரிட்டிக்கு எடுக்கிற கோல் செலவுதான் அதுக்கும்.

போறவைக்குச் சில விசயம். ஐசி கொப்பி, ஜீ.எஸ் கடிதம், லைசன் இருந்தால் அதின்ர கொப்பி எல்லாம் முதலே எடுத்துக்கொண்டு போங்கோ, ஒபிஸுக்கு முன்னால உள்ள கடையில போட்டோக்கொப்பி விலை கூட. செய்த வேலையளை வீட்டில இருந்தே ஒரு தனித் தாளில வடிவா எழுதி, போமோட பின் அடிச்சுக் குடுங்கோ. கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் பதில் எழுதவேணும் எண்டு இல்லை, குடும்பப் பக்கத்தில வெளிநாட்டுக் கேள்வியை நாங்கள் வெறுமையா விட்டனாங்கள், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. குடுக்க முதல் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கத்தையும் சேத்து, போனில படம் எடுத்து வையுங்கோ. படி ஏற ஏலாட்டி வாசலில நிக்கிறவரிட்டச் சொல்லுங்கோ, அந்தப் பிள்ளை எழும்பி வெளியில வந்து எழுதும், நான் பாத்தனான். செவ்வாய்க்கிழமை அவ இல்லை, அண்டைக்குப் போனால் இருக்கிறவர் போமை வாங்கி ஸ்ராம்ப் அடிச்சு விட்டிடுவார்.

என்விகியூவுக்கு அத்தான்ர பைல் போயிட்டுது. வேலை செய்வித்த ஆக்களின்ர கடிதம் எடுக்கப் போனதில ஒரு கமக்காரர் கடிதத்தோட பழுதான பம்ப் ஒண்டையும் தந்துவிட்டிட்டார், அது இப்ப எங்கட விறாந்தையில பிரிச்சபடி கிடக்கு, அக்கா பேசிக்கொண்டிருக்கிறா. சோதினைத் திகதி அந்தப் பிள்ளை தன்ர போனில இருந்து எடுத்துச் சொல்லுறன் எண்டிருக்கிறா, ரீலோட்டும் அவவின்ர காசுதான். சேட்டிபிக்கட் கையில வந்தால் வந்து ஸ்டாரைக் கூட்டிவிடுறன்.

செக்கியூரிட்டிக் கொம்பனிக்காரர் இன்னும் கோல் எடுக்கினம். ஆருக்கும் உண்மையாவே தேவையெண்டால் சொல்லுங்கோ, நம்பர் தாறன், சாப்பாடும் தங்க இடமும் குடுப்பினமாம்.